அவளுக்கு விட்ட கதவு

அண்ணன் வீட்டுச் சமையலறைக் கேபினட் கதவுகள் எல்லாம் இளம்பச்சை. அடுப்போரம் இருக்கும் ஒன்று மட்டும் பழைய காப்பி நிறம். புதிதாக வருகிறவர்கள் சாயம் போதவில்லை போலும் என்று நினைத்துக்கொள்வார்கள். சாயம் மிச்சமிருந்தது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

மலேசியாவில் எங்கள் கோலா கெத்தில் பக்கம் தீபாவளிக்கு முன் சாயம் காணாத தமிழ் வீடு அரிது. சுவருக்கு ஆள் பிடித்தாலும் கேபினட்டை அண்ணி யாரிடமும் விடமாட்டார். எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு போட்டுத் தேய்த்து, கதவுகளைக் கழற்றி, மணல்தாளால் உரசி, பின்வாசலில் பழைய பேப்பர் விரித்து அவரே அடிப்பார். அடுப்போரக் கதவு மட்டும் மகளுக்கு. சின்ன வயதில் அடம்பிடித்து வாங்கிய உரிமை அது. வேலைக்குப் போன பிறகும் அவள்தான் அடித்தாள். சாயம் வழிந்து கோடுகோடாய் நிற்கும், அண்ணி திருத்தமாட்டார். பச்சை அடிக்கலாம் என்று அவள் வருடாவருடம் கேட்பாள். கறை தெரியாது என்று அண்ணி காப்பி நிறத்தைத்தான் வாங்குவார்.

அண்ணனுக்குப் பிடிக்காத இடத்தில் அவள் கல்யாணம் செய்துகொண்டாள். வாசல்படி மிதிக்காதே என்று அண்ணன் கத்தியபோது அண்ணி பக்கத்தில் நின்றும் வாய் திறக்கவில்லை. அண்ணனின் கோபம் சீக்கிரமே ஆறிவிட்டது. அவளுடையது ஆறவில்லை. தீபாவளிக்கு வரச்சொல்லி அண்ணி போனில் கெஞ்சினால், பார்க்கலாம்மா என்பதோடு வைத்துவிடுவாள். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். முழுக் கல் என்று நான் சொல்லமாட்டேன். அண்ணி அன்று ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

அண்ணிக்கு இருதயம் பலவீனமான வருடம், மூச்சு வாங்க வாங்கப் பச்சை அடித்தார். ஏன் ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன்.

"அவ வந்து அடிக்கட்டும்லா. அவ கேட்ட பச்சதான்."

மிச்சச் சாயத்தை டின்னோடு மூடி, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் வைத்தார். மூடியை இறுக்க அவர் கையில் தெம்பில்லை. அந்தத் தீபாவளிக்கு அவள் வரவில்லை, அடுத்ததற்கும் வரவில்லை. அதற்கடுத்ததற்கு அண்ணி இல்லை.

காரியம் முடிந்து கூட்டம் கலைந்தபின் அவள் சமையலறைக்குப் போனாள். அந்தக் கதவைப் பார்த்தாள். இதை மட்டும் அம்மா ஏன் விட்டார் என்று கேட்டாள், அண்ணி சொன்னதைச் சொன்னேன். டின்னைத் தேடி எடுத்துக் கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தாள். உள்ளே சாயம் கட்டையாக இறுகியிருந்தது.

"அத்தே, தின்னர் ஊத்துனா இளகுமா?"

இளகாது என்று அவளுக்கும் தெரியும்.

"துக்க வீடும்மா. வருஷம் திரும்புற வரைக்கும் சாயம் அடிக்கக் கூடாது," என்றேன்.

டின்னை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கதவோரமே உட்கார்ந்துவிட்டாள்.

வருடம் திரும்பிவிட்டது. திவசத்துக்கு வந்தவள் சமையலறைப் பக்கம் போகவேயில்லை. அதே பச்சையில் அண்ணன் புது டின் வாங்கி வைத்திருந்தார். அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இந்தத் தீபாவளிக்கும் அந்தக் கதவு காப்பி நிறத்தில்தான் இருக்கும். அவள் வழியவிட்ட பழைய கோடுகள் இன்னும் அதில் இருக்கின்றன.