கூண்டு எங்கே அடித்தது?

இன்று காலை நாமக்கல் பஸ் ஸ்டாண்டு அருகே ஓர் இரும்புக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். முட்டைக்கோழிகள் ஆயுள் முழுக்க இப்படித்தான் இருக்கின்றன என்று எங்கள் விலங்குநலக் குழு சார்பில் ஊருக்குக் காட்டுவதற்காக.

கழுத்தில் அட்டை: 'என்னால் திரும்பக்கூட முடியவில்லை.'

நிஜமாகவே முடியவில்லை. அரை மணியில் கால் மரத்துப்போனது.

ஐம்பது வயதிருக்கும் ஒருவர் நின்று அட்டையை முழுதாகப் படித்தார். குனிந்து கம்பியைச் சுண்டிப் பார்த்தார். மனம் இளகிவிட்டது என்றே நினைத்தேன்.

"ஏனுங்க, இது எங்கீங்க அடிச்சது? வெல்டிங் சுத்தமா இருக்குதுங்க."

கோழிப்பண்ணைக்காரராம். பண்ணைகளுக்குக் கூண்டு அடிக்கும் பட்டறையில்தான் இதையும் செய்து வாங்கியிருந்தோம். இந்த ஊரில் கூண்டுக்கு வேறெங்கே போவது?

"நம்ம பண்ணைல கூண்டெல்லாம் துருப்புடிச்சுப் போச்சுங்க. கோழிக்குக் காலு கிழியுது, பாவமா இருக்குதுங்க. நம்பர் இருந்தாக் குடுங்க."

இன்று கோழியைப் பாவம் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். கொடுத்துவிட்டேன்.

மாலையில் பட்டறைக்காரர் போன் செய்தார். "உங்க கூண்டப் பாத்துட்டு நாலு பேரு கேட்டுட்டாங்க. அடுத்த வாரம் திருச்செங்கோட்டுல உக்கார்றீங்களா? கூண்டு நானே சும்மா அடிச்சுத் தாரேனுங்க."

என்ன பதில் சொல்வதென்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். எனக்குக் கால் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது.