மறைவிடத்துக்கு வேறு சொற்கள்

திருத்தங்கல் அச்சகத்தில் எனக்குப் பிழைதிருத்தும் வேலை. இந்த வாரம் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒத்தசொல் அகராதி வந்திருக்கிறது. மறைவிடம்: ஒளிவிடம், பதுங்கிடம், புகலிடம் என்று ஒரே வரியில் போட்டிருந்தார்கள். சுருக்கென்று கோபம் வந்தது. மூன்றும் ஒன்றா? விளையாட்டில் ஒளிகிறவருக்கு, கண்டுபிடிக்கப்படுவதில்தான் சந்தோஷம். பதுங்குகிறவருக்கு அதுதான் பயம். புகலிடம் என்றால் உள்ளே விட ஒருவர் வேண்டும்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில வருடங்களுக்கு முன்பு விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி செருகிக்கொண்டிருந்தேன். சட்டப்படி அறைக்கு நாலு பேர்தான் இருக்கலாம். சீசனில் ஐந்தாவதாக என் மதினியும் உட்காருவார். அதிகாரிகளின் ஜீப் வந்தால் அவர் பின்பக்கத்துக் கருவேலம் புதருக்குள் ஓடிப் பதுங்கிவிட வேண்டும். யார் கேட்டாலும் நாங்கள், "நாலு பேருதான் சார்" என்போம். மனப்பாடம்.

ஒருநாள் பக்கத்து அறை வெடித்தது. எங்கள் சுவரும் சரிந்தது. புகைக்குள் விழுந்தடித்து வெளியே ஓடினோம். தீயணைப்புக்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"உங்க ரூம்ல எம்புட்டு பேரு இருந்தீக?"

"நாலு பேருதான் சார்."

நாலு பேரும் அவர் எதிரிலேயே நின்றோம். அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். அரை மணி நேரம் கழித்து அண்ணன் மூச்சிரைக்க வந்து, "உன் மதினி எங்க?" என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. புதரைப் பார்த்து ஓடினேன்.

சேலை கருகி, முள்ளுக்குள் சுருண்டு கிடந்தார். பதறினால் பின்பக்கம் ஓடுவது அவருக்குப் பழகிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் மெதுவாகக் கேட்டார்.

"ஜீப்பு போயிருச்சா புள்ள?"

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இப்போதும் பஸ் கருவேலங்காட்டைத் தாண்டும்போது மதினியின் அந்தக் கேள்வி காதில் விழுகிறது. கண்ணை இறுக்க மூடிக்கொள்கிறேன், பயமாக இருக்கிறது. அண்ணனும் ஒவ்வொரு திதிக்கும் கேட்பார்.

"அந்த அரை மணி நேரமும் நீ தேடிக்கிட்டுதான இருந்த?"

"ஆமாண்ணே" என்பேன்.

அகராதியின் அந்த வரியில் நான் எதையும் திருத்தவில்லை. அன்று மதினி பதுங்கியது புதருக்குள்தான். ஆனால் அவரை யாரும் தேடாதபடி ஒளித்து வைத்தது என் வாய். வியாழக்கிழமை திதி வருகிறது. அண்ணன் கேட்பார்.