ஏழு வேட்டு

ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் செம்பாறைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தோம். "பத்தே நிமிசம், படம் எடுத்துட்டு வாரேன்" என்று கணவர் ஒரு பாறைக்குப் பின்னால் போனார். இருபது நிமிடமாகியும் வரவில்லை. எல்லோரையும் அழைக்க வழிகாட்டி விசில் ஊதினார். என் கைகள் தாமாகக் காதைப் பொத்திக்கொண்டன.

நாமக்கல் பக்கம் ஒரு கல்குவாரியில் அப்பா வெடி வைப்பவர். "இன்னைக்கு ஏழு வேட்டு" என்று காலையிலேயே சொல்லிவிட்டுப் போவார். மதியம் குவாரி விசில் கேட்டதும் அம்மா அடுப்பை அணைத்து, என்னைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, வாசலில் நின்று எண்ணுவாள். ஓடுகள் அதிரும். கூரையிலிருந்து மண் உதிரும். பின்னாலேயே வெடிமருந்து நெடி வரும்.

ஒருநாள் ஆறோடு நின்றுவிட்டது. வெடிக்காத குழியைப் பார்க்க அப்பாதான் போக வேண்டும். ஏழாவது சத்தத்துக்குக் காத்திருந்த அம்மா, கொஞ்ச நேரத்தில் அது வரவே கூடாதென்று வேண்ட ஆரம்பித்தாள்.

சாயங்காலம் தலையெல்லாம் கல்தூளாக அப்பா வந்தார். "ரெண்டு ஒண்ணா வெடிச்சிருச்சு" என்றார்.

"இனிமே எத்தனை வேட்டுன்னு எங்கிட்டச் சொல்லாதீங்க" என்றாள் அம்மா.

பாறைக்குப் பின்னாலிருந்து கணவர் சிரித்தபடி வந்தார். "பயந்துட்டியா?"

"இனிமே எத்தனை நிமிசம்னு எங்கிட்டச் சொல்லாதீங்க" என்றேன்.