கழுத்துக்கு ஏற்ற வியூஃபைண்டர்

மலேசியாவின் மெர்சிங் படகுத்துறைக்கு எதிரே இருக்கும் டைவிங் சாமான் கடையில் நிற்கிறேன். இரண்டு வருடமாக என்னால் கழுத்தை நிமிர்த்த முடிவதில்லை. இங்கேயும் வழி கிடைக்காவிட்டால் கடலுக்கடியில் படமெடுக்கும் என் கேமராவை விற்றுவிடுவதாக இருக்கிறேன்.

கடைக்காரர் செல்வி, கேமராவை மூடியிருக்கும் நீர்புகாப் பெட்டியிலிருந்து கண் வைத்துப் பார்க்கும் நேரான வியூஃபைண்டரைக் கழற்றிவிட்டு, மேல்நோக்கிச் சாய்ந்த ஒன்றைப் பொருத்துகிறார்.

"மாஸ்க் போட்டுக் குப்புறப் படுங்க லா. தண்ணியில அப்படித்தான இருப்பீங்க?"

தரையில் படுக்கிறேன். தலை குனிந்தபடியே அதன் வழியே பார்க்கிறேன்; எதிரே இருப்பதெல்லாம் தெரிகிறது.

"கழுத்து வலிக்குதாக்கா?"

"இல்லம்மா. ஆனா பாக்கறதுக்கு மீன்தான் இல்ல."

உடனே, கூட வந்திருக்கும் என் கணவர் எதிரே குப்புறப் படுத்து, கன்னங்களை உள்ளிழுத்து வாயைத் திறந்து மூடுகிறார். சிரிப்பில் மாஸ்க்கில் ஆவி படிகிறது. முழுதும் மறைவதற்குள் அவரைப் படம் எடுத்துவிடுகிறேன்.