பத்தாயிரம் லிட்டரின் உயரம்

சுதர்சனின் முப்பாட்டனார் வெள்ளைக்காரரின் ராணுவக் கிடங்கில் வேலைக்கு வந்த நாள்முதல் குடும்பத்துக்குச் செகந்திராபாத்தே ஊர். சுதர்சனுக்கு ஐம்பத்திரண்டு வயது. கச்சிபௌலியில் மென்பொருள் மேலாளர்; கொண்டாப்பூரில் தாம் குடியிருக்கும் அடுக்ககத்தின் சங்கச் செயலாளர். முதல் பதவி சோறு போட்டது. இரண்டாவதுதான் அவருக்கு உயிர்.

மார்ச் மாதத்தில் ஆழ்துளைக் கிணறு வற்றியது. பத்தாயிரம் லிட்டர் கொண்டுவரும் லாரியைக் காலி செய்யத் தொட்டி இல்லை. வண்டிகள் இறங்கும் சாய்தளத்தின் அடியில், ஒரு மீட்டர் உயரமே உள்ள இடத்தில், வட்டமான இரும்புத் தொட்டி வைப்பதாகச் சுதர்சன் அறிவித்தார். செயலாளர் தேர்தல் நெருங்கியிருந்தது. தொட்டி சொதப்பினால், பதவியைக் கைப்பற்ற மூன்றாம் மாடி ஹம்சா காத்திருந்தார்.

கொள்ளளவை அடிப்பரப்பால் வகுத்தால் உயரம் கிடைக்கும். கொள்ளளவு பத்துக் கனமீட்டர். விட்டம் இரண்டு மீட்டர். அடிப்பரப்பைக் காணும்போது ஆரத்தின் இடத்தில் சுதர்சன் விட்டத்தையே இட்டார். பரப்பு நான்கு மடங்காக வீங்கியது. உயரம் எண்பது சென்டிமீட்டராகச் சுருங்கியது. இவ்வளவு வசதியான விடையை யார் சந்தேகிப்பார்? வரைபடத்தை அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் முப்பத்துநான்கு கட்டைவிரல்கள் உயர்ந்தன. அவற்றுள் முப்பத்தொன்று பொறியாளர்களுடையவை.

தொட்டியைச் செய்யவிருந்த சனத்நகர்ப் பட்டறைக்காரர் சூசைராஜ் மட்டும் தொலைபேசியில் கேட்டார்: "சார், பத்தாயிரத்துக்கு இந்த உயரம் பத்தாதே? மூணு மீட்டருக்கு மேல வரும்."

"நக்கோ அண்ணா, அதெல்லாம் வேணாம், எல்லாரும் அப்ரூவ் பண்ணியாச்சு. டிராயிங்ல இருக்கறதச் செய்ங்க."

"ஹவ் சார், சரி. தண்ணிகிட்டயும் ஒரு அப்ரூவல் வாங்கிடுங்க."

தேர்தலுக்காகப் பொதுக்குழு கூடவிருந்த ஞாயிறு காலை லாரி வந்தது. சுதர்சன் ரிப்பன் வெட்டினார். கால்வாசி இறங்கியதும் தொட்டி நிரம்பி வழிந்தது. கீழ்த்தளத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்ற பிறகே குழாயை மூடினார்கள்.

"என்ன சார், மிச்சத் தண்ணி உங்க எக்செல் ஷீட்ல நிக்குமா?" என்றார் ஹம்சா.

ஈரக் கால்களுடன் கூட்டம் கூடியது. "இவரே மறுபடி செக்ரட்டரியா?" என்று ஹம்சா தொடங்கினார்.

சுதர்சன் நிதானமாக எழுந்தார். "வேணாம்னா விட்டுடறேன் மேடம். ஆனா இதுக்குக் கட்டைவிரல் காட்டின முப்பத்துநாலு பேரையும் மினிட்ஸ்ல எழுதிடுவோம். உங்க பேர்ல ஆரம்பிக்கவா?"

ஹம்சா அமர்ந்தார். மற்றவர்கள் தத்தம் செருப்பை ஆராய்ந்தார்கள். கணக்கில் பிழை இல்லை, லாரிதான் பெரிது என்று தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. போட்டியின்றித் தேர்வான சுதர்சன், அதே அளவில் மேலும் மூன்று தொட்டிகள் செய்யச் சொல்லி அங்கேயே கையொப்பமிட்டார்.