மதில் பக்கம் நின்று பார்த்தது

கல்லூரியில் என் பாடம் இலக்கியம்; ஓவியம் நானாக விரும்பிச் சேர்ந்த மாலை வகுப்பு. இறுதியாண்டில் ஓவிய ஆசிரியை எங்களுக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்தார். ஆளுக்கொரு புத்தகம் செய்ய வேண்டும். எழுத்து, படம், அச்சு, தையல், அட்டை எல்லாம் ஒருத்தியின் கையாலேயே ஆக வேண்டும். மற்றவர்களுக்கு அது மதிப்பெண்ணோடு முடிகிற காரியம். எனக்கு அப்படியில்லை. சென்னையில் ஓவியப் பள்ளியில் சேர விரும்புகிறவர்கள், தாமே முழுமையாகச் செய்த ஒரு படைப்பை விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டும் என்றும், விண்ணப்பத்தில் தகப்பனார் கையெழுத்து இருக்க வேண்டும் என்றும் ஆசிரியை விசாரித்துச் சொல்லியிருந்தார்.

அப்பா மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. "புஸ்தகத்தை முடி. பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். திருச்சியில் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த அவர், எந்தக் காகிதத்தையும் இரண்டு பக்கமும் படிக்காமல் கையெழுத்திட மாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் காட்டுவது, திங்கட்கிழமை தபாலில் சேர்ப்பது என்று ஏற்பாடு. அதற்குப் பிந்தினால் அந்த ஆண்டு போய்விடும். அடுத்த ஆண்டு எனக்கு என்னென்ன ஏற்பாடுகள் நடக்கும் என்பதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவேண்டியதில்லை.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு தெற்கு உத்திர வீதியில் இருந்தது. எதிரே கோயில் மதில். பெருமாள் நான்கு வீதிகளிலும் எழுந்தருளும் புறப்பாட்டையே புத்தகத்துக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன். வீதிக்கு ஒரு படம். கிழக்கு வீதியில் யானை. தெற்கில் பாசுரம் சேவித்துக்கொண்டு போகும் கோஷ்டி. மேற்கில் குடைகளும் பல்லக்கும். வடக்கில் பின்னால் வரும் வேதபாராயணக்காரர்கள். பெருமாள் திருமுகத்தைச் செதுக்க எனக்குத் துணிவில்லை. பல்லக்கில் மாலைகளை மட்டும் காட்டினேன். இடப்பக்கம் நான் எழுதிய சிறு உரைநடை, வலப்பக்கம் படம். எல்லாப் படங்களிலும் பின்னணியாக மதிலும் கோபுரமும்.

படங்களை லினோலியத்தில் செதுக்கினேன். ரயில் பெட்டித் தரையில் பதிக்கும் லினோலியத்தின் வெட்டுத் துண்டுகள் பொன்மலை ரயில் பட்டறையிலிருந்து ஆசிரியைக்குக் கிடைத்திருந்தன. அவற்றில் நல்லவை நான்கை எனக்குக் கொடுத்தார். யுத்த காலமாகையால் தாளுக்கும் பஞ்சம். தம் பெட்டியில் பல காலமாகச் சேர்த்து வைத்திருந்த கனத்த தாள்களிலிருந்து புத்தகத்துக்கு வேண்டியதையும், கெட்டுப்போனால் இருக்கட்டும் என்று இன்னும் அவ்வளவையும் எண்ணிக் கொடுத்தார்.

என் முதல் வரைபடத்தைப் பார்த்தபோது அவர் சொன்னது ஒன்றே ஒன்று. "நம்ம கண்ணு இடது பக்கத்துல ஆரம்பிச்சு வலது பக்கமாத்தான் போகும். உன் யானை எதிர்ல வந்தா, படிக்கிறவங்க மேல முட்டிக்கும். கண்ணு போற பக்கமே படமும் போகட்டும்." அதை நான் சட்டமாக எடுத்துக்கொண்டேன். நான்கு வீதிகளிலும் எல்லோரும் வலப்புறம் நோக்கி, பக்கத்தைப் புரட்டப் போகிறவர்களைப் போல நடந்தார்கள்.

செதுக்கியது அச்சில் இடவலம் மாறி விழும் என்பதால், வரைந்ததை மெல்லிய தாளில் பிரதியெடுத்து, அதைத் திருப்பிப் போட்டுக் கோடு இழுத்து, செதுக்கிய பின் அம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடியில் காட்டிச் சரிபார்த்தேன். தவறு நேரக்கூடிய இடம் அது ஒன்றுதான் என்று நம்பியிருந்தேன்.

வியாழக்கிழமை பிற்பகல், அச்சிட்ட தாள்கள் கூடத்துக் கொடியில் உலர்ந்துகொண்டிருந்தன. அத்தை, அதாவது எங்களோடேயே இருக்கும் அப்பாவின் அக்கா, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். யானையின் முன் நின்றாள்.

"ஏண்டி, இது எங்கே போறது?"

"கிழக்கு வீதியில, அத்தை. பெருமாளுக்கு முன்னாடி."

"எந்தப் பக்கமா போறதுன்னு கேக்கறேன். இது மதில்தானே? மதிலைப் பாத்துண்டு நீ எங்க நிக்கற?"

"வீட்டு வாசல்ல."

"நம்மாத்து வாசல்ல நின்னா பெருமாள் எந்தக் கைப்பக்கமா வருவார்?"

யோசிக்காமலே என் வலது கை உயர்ந்தது. உயர்ந்த கையை இறக்க முடியவில்லை.

"வலது கைப்பக்கமா வந்து இடது கைப்பக்கமா போவார். உன் பெருமாள் திரும்பிப் போயிண்டிருக்காரே! நாலு வீதியிலேயும் அப்பிரதட்சிணம்! உங்கப்பாவையும் சேத்து நடத்தி வெச்சிருக்கே. காலேஜுல இதைத்தான் சொல்லிக் குடுக்கறாளா?"

கோயிலை வலது கைப்பக்கம் வைத்துச் சுற்றுவதே எங்கள் ஊரின் நடை. எதிர்த்திசையில் சுற்றுவது சாவுச் சடங்குக்கு உரியது. கோஷ்டியில் வருஷம் தவறாமல் நடக்கும் அப்பாவை, சற்றே கூனிய தோளோடு தெற்கு வீதியில் நானே செதுக்கியிருந்தேன். பிறந்தது முதல் வாசலில் நின்று பார்த்த ஒன்றை, கண்ணைக் கட்டிவிட்டது போல மாற்றிப் போட்டிருக்கிறேன்.

"கண்ணாடியில காட்டினா சரியாயிடாதோ?" என்று சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள்.

"புஸ்தகத்தோட ஆளுக்கொரு கண்ணாடியும் குடுத்து அனுப்பு" என்றாள் அத்தை. பிறகு குரலைத் தாழ்த்தி, "அவன் இதைப் பாத்தான்னா கையெழுத்துப் போடமாட்டான், கொழந்தே" என்றாள். கேலியைவிட அந்தத் தாழ்ந்த குரல்தான் என்னைப் பயமுறுத்தியது.

புதிதாகச் செதுக்க லினோலியம் இல்லை. மிச்சமிருந்தவை நீளமான ஒடுங்கிய துண்டுகள். நடப்பவர்களைத் திருப்ப வழியில்லை. தாள்களைத் தரையில் பரப்பி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் இப்படியே வலப்புறமாக நடந்தும் கோயிலைச் சரியாகச் சுற்ற வேண்டுமானால், அவர்களுக்குப் பின்னால் மதில் இருக்கக் கூடாது. வீடுகள் இருக்க வேண்டும். பார்க்கிறவள் வாசலை விட்டு இறங்கி, வீதியைக் கடந்து, மதிலில் முதுகு சாய நிற்க வேண்டும். செதுக்கிய லினோலியத்தில் மதிலும் கோபுரமும் உள்ள மேல்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, ஒடுங்கிய துண்டுகளில் வீட்டு வரிசையைச் செதுக்கிப் பொருத்தினால் போதும்.

ஆனால் அங்கிருந்து வீடுகள் எப்படித் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. புறப்பாட்டின்போது மதில் பக்கம் நிற்பவர்கள் ஆண்களும் வெளியூர்க்காரர்களும். எங்கள் வீதிப் பெண்கள் அவரவர் வாசலிலிருந்து சேவிப்பார்கள். வயது வந்த பெண் பட்டப்பகலில் பலகையும் பென்சிலுமாக எதிர்ப்பக்கம் நின்று வீடுகளை வரைந்தால், செய்தி அப்பா ஆபீஸிலிருந்து திரும்பும் வழியிலேயே அவரை எட்டிவிடும். பிறகு புத்தகத்தைத் திறக்கவே வேண்டியிருக்காது.

வெள்ளிக்கிழமை அப்பா கிளம்பிய பின் வீதியைக் கடந்தேன். மதிலின் கல் அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது. முதல் கோடு இழுப்பதற்குள் சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்றார். இரண்டு வாசல்களில் முகங்கள் தோன்றின. பூக்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

"வீட்டை அளக்குறீங்களா? விக்கப் போறீங்களா?" என்றார் சைக்கிள்காரர்.

நான் தலையைத் தூக்காமல் முதல் கோட்டை இழுத்தேன். அப்போது தாளின் மேல் நிழல் விழுந்தது. அப்பாவின் பழைய கறுப்புக் குடையோடு அத்தை பக்கத்தில் நின்றாள்.

"யுத்தத்துக்கு வீடெல்லாம் எழுதிண்டு போறா" என்று அவள் உரக்கச் சொன்னாள். "உங்க வீட்டுக்கும் வருவா. கதவைச் சாத்திண்டு இருங்கோ, போங்கோ."

அவர் சிரிப்பதா நம்புவதா என்று தெரியாமல் சைக்கிளை மிதித்தார். அத்தை என் பக்கம் திரும்பி, "சீக்கிரம் போடு. வெயில்ல கறுத்துப்போனா அதுக்கும் என்னைத்தான் கேப்பா" என்றாள்.

எங்கள் வீட்டு வாசலில் அம்மா தலைப்பைப் பற்றிக்கொண்டு எங்களையே பார்த்து நின்றாள். அவள் நின்றபடியே வரைந்தேன். முடிந்ததும் மற்ற வீதிகளையும் வரைய நான் கிழக்குப் பக்கம் திரும்பினேன். அத்தை கையைப் பிடித்து இழுத்தாள். "மேற்கே வா. இதையாவது பிரதட்சிணமா பண்ணு." அப்படியே மேற்கு, வடக்கு, கிழக்கு என்று வரைந்துகொண்டே சுற்றி வந்தோம்.

வெட்டுவது எளிதாக இருந்தது; ஒட்டுவதுதான் இல்லை. தச்சர்கள் பயன்படுத்தும் வச்சிரப் பசை மாட்டுத் தோலைக் காய்ச்சிச் செய்வது. எங்கள் வீட்டுப் படி ஏறாது. பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்த்த மைதாப் பசைதான் எனக்கு அனுமதி. மை உருளை மேலே ஓடியதும் வீட்டு வரிசை, அடியில் வைத்திருந்த மரக்கட்டையை விட்டுக் கிளம்பிக்கொண்டு வந்தது. கடைசியில், அச்சில் விழாத பள்ளங்களாகப் பார்த்துச் சின்ன ஆணிகள் அடித்தேன். மிச்சமிருந்த தாள்களில் ஒன்று கெட்டாலும் புத்தகம் இல்லை. தாளை வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்து, ஒவ்வொரு தடவையும் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டேன். நான்கு படங்களும் விழுந்தன. நடப்பவர்களின் தலைக்குமேல், ஒட்டுப் போட்ட இடத்தில், மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்றும் விழுந்தது. உரைநடையைப் புதிய தாள்களில் மறுபடி எழுதினேன். மதிலைப் பற்றிய வாக்கியங்கள் போயின. அவற்றில் இரண்டொன்று எனக்கு மிகவும் பிடித்தவை. சனிக்கிழமை மாலை விளக்கேற்றுமுன் கடைசித் தையலைப் போட்டேன். அதுவரை வீதிச் செய்தி எதுவும் அப்பாவை எட்டியதாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருவாராதனம் முடிந்ததும் அப்பா கூடத்தில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். யானையைப் பார்த்தார், எதிர்ப்பக்கத்து எழுத்தை முழுவதும் படித்தார். புரட்டினார். தெற்கு வீதியில் அவர் கை நின்றது.

"நம்மாத்து வாசல்."

"ஆமாம்ப்பா."

"உங்கம்மா நிக்கறா. அக்காவைக் காணோமே? அவ இல்லாம என்னிக்குப் பெருமாள் நம்ம வாசலைத் தாண்டியிருக்கார்?"

அவர் படத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "வாசல் இப்படித் தெரியறது கோஷ்டியில போற எங்களுக்குத்தான். நீ எங்க நின்னே?"

"மதில் பக்கம்."

"எப்போ?"

"வெள்ளிக்கிழமை காலம்பற."

"தனியாவா?"

சமையலறை நிலையில் அத்தை வந்து நின்றாள். "தனியா எங்கே நின்னா? நான்தான் குடை பிடிச்சேன். அங்க நின்னுண்டு வாசல்லேயும் எப்படி நிக்கறது? இருக்கறதைத்தானே போட்டிருக்கா!"

"வீதியே பாத்திருக்குமே."

"பாத்தா. பாத்துட்டு அவாவா காரியத்தைப் பாக்கப் போயிட்டா."

அப்பா மேற்கையும் வடக்கையும் அதே வேகத்தில் படித்து முடித்தார். வெள்ளைக் கோட்டின் மேல் விரலை ஓட்டினார். "இது என்ன?"

"ஒட்டின இடம். முதல்ல மதில்தான் இருந்தது. மதில் பின்னாடி இருந்தா பெருமாள் அப்பிரதட்சிணமா போறார்."

அவர் முதல் பக்கத்துக்குத் திரும்பினார். யானை போகும் திசையில் விரலை நகர்த்தி, பக்கத்தைப் புரட்டி, அடுத்த வீதியிலும் நகர்த்தி, நான்கு வீதிகளையும் விரலால் சுற்றினார். உதடுகள் அசைந்தன, கோயில் எந்தக் கைப்பக்கம் என்று கணக்குப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"சென்னையில யார் குடை பிடிப்பா?" என்றார், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"திருவல்லிக்கேணியில உன் ஒண்ணுவிட்ட தம்பி ஆத்துல இடம் இருக்கு" என்றாள் அத்தை. "அங்கேயும் பெருமாள் இருக்கார். நேக்குப் பொழுது போயிடும்."

அப்பா சிரிக்கவில்லை. விண்ணப்பத்தை வாங்கி முன்பக்கத்தைப் படித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் படித்தார். பிறகு பேனாவை எடுத்துவரச் சொன்னார். மைக்கூட்டை அவர் பக்கத்தில் வைத்தபோதுதான் என் விரல்களில் அச்சு மை இன்னும் போகாமல் இருப்பதைக் கண்டேன். தாளில் கறை பட்டுவிடக் கூடாதென்று கையை இழுத்துக்கொண்டு, அவர் கையெழுத்து காயும்வரை தள்ளி நின்றேன்.