தங்கை வீட்டு வாசல்

குடித்தால் வீடு போய்விடும் என்று சொல்பவர்களை அவளுடைய அண்ணன் வீட்டில் ஒரு நாள் உட்கார வைக்க வேண்டும். மனுஷன் பல் துலக்கியதும் ஆரம்பித்துவிடுவார். வேலை வெட்டி கிடையாது. ஆனால் படுத்துப் புரள்வது மூன்று அறை வீட்டில்! அந்த ஊரில் ஆலை மூடிய பிறகு பாதித் தெரு பூட்டிக் கிடக்கிறது. கரையான் அரிக்காமல் யாராவது குடியிருந்தால் போதும் என்று வீட்டுக்காரர்களே கெஞ்சுகிறார்கள். வாடகை கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி.

அவளோ ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஊரில் பிழைப்பில்லை என்று நகரத்துக்கு வந்து, பெரிய ஓட்டல் ஒன்றில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். கண்டவன் படுக்கையெல்லாம் சுருக்கமில்லாமல் இருக்க நாளெல்லாம் ஆவியில் வேகிறாள். இவள் படுப்பது பஸ் நிலையத்து பெஞ்சில்.

முதலில் அறை இருந்தது. முன்பணம் கட்டிப் பிடித்தவள் இவள்தான். தங்கையை வரவழைத்து வேலை வாங்கிக் கொடுத்து, கல்யாணமும் செய்து வைத்தாள். நகரத்தில் வாடகை கண்மண் தெரியாமல் ஏறியது. அறைக்கு ஆள் வரிசையில் நிற்கும்போது வீட்டுக்காரருக்கு வாய் நீளாதா? "ரெண்டு பேருக்கு மேல இருந்தா காலி பண்ணிடுங்க" என்றார்.

"ரெண்டு நாள் எங்கயாவது சமாளிச்சுக்கோக்கா" என்றாள் தங்கை. அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை. ஒண்டிக்கட்டைச் சம்பளத்துக்குக் கதவுள்ள எதுவும் கிடைக்கவில்லை. ஓட்டலிலேயே குளித்து, துணிப்பையை இஸ்திரி மேசைக்கு அடியில் ஒளித்து வைத்து, யாருக்கும் மூச்சு விடாமல் காலம் தள்ளினாள்.

அப்போதுதான் நல்ல காலம் எட்டிப் பார்த்தது. துணி அறைப் பொறுப்பையும் சாவியையும் அவளிடம் தந்து சம்பளத்தைக் கூட்டலாம் என்று ஓட்டலில் பேச்சு. அந்தச் சம்பளத்தில் சின்னதாக ஓர் அறை பிடித்துவிடலாம். ஒரே ஒரு விஷயம்: சாவி வாங்குகிறவர் வீட்டை மேற்பார்வை அம்மா நேரில் பார்க்க வேண்டும்.

இவள் தங்கையிடம் ஓடினாள். "ஒரு வார்த்தைடி. எங்கக்கா இங்கதான் இருக்கான்னு சொல்லு, போதும்."

"இதுக்குப் போய் கெஞ்சணுமாக்கா? கூட்டிட்டு வா, டீ போட்டுத் தரேன்."

மறுநாள் மதியம் மேற்பார்வை அம்மாவைக் கூட்டிப் போனாள். தங்கைதான் கதவைத் திறந்தாள். மாடிப்படியில் வீட்டுக்காரர் நின்றிருந்தார். தங்கை அவரைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"இங்க நானும் என் புருஷனும் மட்டும்தாங்க. இவங்க யாருன்னே தெரியலையே."

அடிப்பாவி! அவள் போட்டுக்கொண்டிருந்த நைட்டிகூட அக்கா வாங்கிக் கொடுத்தது.

ஓட்டல் வாசல் வந்ததும் மேற்பார்வை அம்மா சொன்னார்: "வீடு இல்லன்னு சொல்லியிருந்தாக்கூட யோசிச்சிருப்பேன். பொய் சொல்றவங்ககிட்ட எப்படிம்மா சாவி கொடுக்கிறது? நாளைலேர்ந்து வர வேண்டாம்."

துணிப்பையோடு பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். தங்கைக்கும் தெருவுக்கு வந்துவிடுவோமோ என்ற பயம்தான் என்பது புத்திக்குப் புரிந்தது; மனசுக்குப் புரியவில்லை. போன் அடித்தது. அண்ணன். குரல் குழறியது.

"ஏம்மா, இங்க ரெண்டு ரூமு சும்மா கிடக்கு. வந்துடேன்."

"வந்து? சோத்துக்கு என்னண்ணே பண்றது?"

"அதெல்லாம் அப்புறம். முதல்ல அந்தப் பழக்கத்தை விடு."

"எந்தப் பழக்கத்தை?"

"மறைக்காதம்மா. சின்னவ அப்பவே சொல்லிட்டா. நீ குடிக்க ஆரம்பிச்சுட்டியாம். தாங்க முடியாமத்தான் உன்னை வெளில அனுப்பினாளாம். நம்ம ஊரு பூரா தெரியும்."

அந்தப் பக்கம் பாட்டில் தரையில் உருளும் சத்தம் கேட்டது. "பொம்பளைக்கு இதெல்லாம் எதுக்கும்மா?" என்று அண்ணன் விம்மி விம்மி அழ ஆரம்பித்தார்.